பதினெட்டு ‘மேற்படி’களுக்கு விடை தேடிய பேராசிரியர் லோகநாயகி அம்மையாருக்கு

சிதம்பரம், 31 மே 2012

வெள்ளாற்றங்கரைப் புவனகிரியில் பிறந்து, வெப்பத்தை வெல்லும் வித்தையை விரும்பிக் கற்று, கொதிகலனும் குளிர்கலனும் ஒரே விதியின் இரு முகங்கள் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் முழங்கி, கதிரவனின் கையைப் பிடித்துக் கடலோரத்துச் சுகாதார நிலையங்களின் கதவு வரை கூட்டிச்சென்ற கலங்கரை விளக்கே! கரிப்புகையைக் குறைக்கும் கொள்கையையும் கைக்குழந்தையின் ஊசி மருந்தையும் ஒரே வரைபடத்தில் வரைந்து காட்டிய பெருந்தகையீர்! பேராசிரியர் முனைவர் லோகநாயகி அம்மையீர், வணக்கம்.

அடைமொழிகள் இத்துடன் முடிந்தன. முதல் வரைவில் இன்னும் ஒன்பது இருந்தன. வரைவு தங்கள் அறைக்கு வராமலேயே தங்கள் சிவப்பு மையின் குரல் எங்கள் காதில் விழுந்தது. “ஒப்பற்றன்னா என்ன அளவு? எண் எங்க?” ஒன்பதையும் நாங்களே அடித்துவிட்டோம்.

ஆய்வறிக்கையில் ‘நான்’ கூடாது, ‘நீங்கள்’ கூடாது, நடந்ததை நடந்தபடி படர்க்கையில் எழுது என்பது தாங்கள் வகுத்த விதி. அவ்விதிப்படியே இனித் தங்களைப் ‘பேராசிரியர்’ என்று மட்டும் சொல்கிறோம். முப்பத்து நான்கு ஆண்டுகளையும் அடுக்கப் போவதில்லை. கடந்த மார்ச் மாதத்து மூன்று நாள்களை மட்டுமே சொல்கிறோம். அந்த நாள்களில் பேராசிரியரின் பக்கத்திலேயே இருந்து, மற்ற எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவர் நம் எரியாற்றல் ஆய்வு மையத்தின் தொழில்நுட்ப உதவியாளர் ஜான்சி. ஆகவே அவர் கண்டபடியே, அவர் சம்மதத்தோடு எழுதுகிறோம்.

அதற்கு முன் ஒரு சிறு பின்னணி. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தபோது பேராசிரியர் தேவனாம்பட்டினத்து முகாமுக்குப் போனார். போர்வை கொடுக்கப் போனவர், அங்கே மின்சாரம் இல்லாமல் ஒரு பெட்டி தடுப்பு மருந்து கெட்டு, குழி தோண்டிப் புதைக்கப்படுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதுவரை கொதிகலன் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் மறுநாள் முதல் குளிர்பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். வெயிலில் ஓடும் முதல் பெட்டி 2007இல் பரங்கிப்பேட்டைப் பக்கம் புன்னைத்திட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏறியது. பின்பு அதை வைத்தே ஒரு கொள்கைக் கேள்வி பிறந்தது. மாவட்டத்தின் அறுபது சுகாதார நிலையங்களுக்கு டீசல் ஜெனரேட்டர் கொடுப்பதா, சூரியப் பெட்டி கொடுப்பதா? அதை முடிவு செய்யும் சென்னைக் குழு 2012 மார்ச் 12, திங்கட்கிழமை கூடுவதாக இருந்தது.

மார்ச் 9, வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குப் போக வேண்டிய மின்சாரம் பத்து ஐம்பதுக்கே போனது.

“கரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விரதம்மா,” என்றபடி ஜன்னலைத் திறந்துவிட்டார் நம் ஜீப் ஓட்டுநரும் மின்பணியாளருமான பக்கிரி.

பேராசிரியர் சிரிக்கவில்லை. அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தை மேசையில் விரித்து, வரைபடத்தின் ஒரு நேர்கோட்டின் மேல் விரலை வைத்திருந்தார். சென்னைக்குப் போகும் அறிக்கையின் உயிரே அந்த அத்தியாயம்தான். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபின், ஒன்பது நாள் மின்கம்பியில் உயிர் இல்லாதபோதும், புன்னைத்திட்டுப் பெட்டி மருந்தைக் காப்பாற்றியது என்று அதில் எழுதியிருந்தது.

“ஜான்சி, இது என்ன கோடு?”

“புயல் நாளு மேடம். முப்பத்தொண்ணுலேர்ந்து எட்டாந் தேதி வரைக்கும்.”

“ஸ்கேல் வெச்சுப் போட்டதா?”

“இல்ல மேடம், டேட்டாவே அப்படித்தான். காலை, சாயங்காலம், பதினெட்டு ரீடிங்கும் ஆறு டிகிரி.”

இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்தால் மருந்துக்கு நல்லது. ஆறு நல்ல எண்தான். ஜான்சிக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

“ஜுரக்காரனுக்கே காலையில ஒரு சூடு, சாயங்காலம் ஒரு சூடு. இது வெயில்ல ஓடுற பெட்டி. பகல்ல ஜில்லுன்னு ஆகும், விடியறதுக்குள்ள கொஞ்சம் ஏறும். பதினெட்டு வேளையும் ஆறுன்னா, ஒண்ணு பெட்டி பொய் சொல்லுது, இல்ல நாம சொல்றோம். நோட்டை எடுங்க.”

பெட்டியின் மின்னணுப் பதிவுக்கருவி புயல் மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. மிஞ்சியது சுகாதார நிலையத்துச் செவிலியர் கையால் எழுதிய பதிவேடு ஒன்றுதான். அதை ஜனவரியில் ஜெராக்ஸ் எடுத்து வந்து கணினியில் ஏற்றியவர் ஜான்சி. அந்த நகலை எடுத்து நீட்டினார்.

புதுப் பக்கத்தில் பதினெட்டு கட்டங்களிலும் எண்ணே இல்லை. உருண்டை உருண்டையான எழுத்தில் ஒரே சொல்: மேற்படி. மேற்படி. மேற்படி.

“மேற்படின்னா மேல உள்ளதுதானே மேடம்? முந்தின பக்கத்துக் கடைசி வரியில ஆறு இருந்துச்சு. அதையே போட்டேன்.”

பேராசிரியர் முந்தின பக்கத்தைத் திருப்பினார். “கடைசி வரி என்ன தேதி?”

“முப்பது. காலை.”

“சரி. முப்பது சாயங்காலம் எங்க?”

ஜான்சி நகலைக் கையில் வாங்கிப் பார்த்தார். முப்பதாம் தேதி காலையோடு பக்கம் முடிந்திருந்தது. அடுத்த பக்கம் முப்பத்தொன்று காலையில் தொடங்கியது. இடையில் ஒரு மாலையையே காணவில்லை. இரண்டு மாதமாக அந்தத் தாள் அவர் மேசையில்தான் கிடந்தது.

“பதிவேடு எவ்வளவு நீளம்?” என்றார் பேராசிரியர் மெதுவாக.

அப்போதுதான் ஜான்சிக்கு அந்த ஜெராக்ஸ் கடை கண்முன் வந்தது. நீள நோட்டு. சின்னத் தாள். ‘கரண்ட் போவப்போவுது, சீக்கிரம் குடுங்கக்கா’ என்று அவசரப்படுத்திய கடைக்காரர். மேல் விளிம்பைச் சரியாக வைத்து மூடியை அழுத்தியவர் ஜான்சியேதான். அடியில் ஒரு வரி கண்ணாடிக்கு வெளியே போயிருந்தது.

ஆராய்ச்சியாளர் சித்தார்த் அங்கே இருந்தார். அவர் சொன்னதையும் இம்மடலில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவரேதான். “மேடம், திங்கக்கிழமை கமிட்டி. இந்த ஒம்போது நாளை மட்டும் தூக்கிட்டு, ‘பதிவுகள் கிடைக்கவில்லை’ன்னு ஒரு வரி போட்டுடலாம். பொய்யும் இல்ல. சென்னையில யாரு நோட்டைக் கேக்கப்போறாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க,” என்று பேராசிரியர் ஒத்துக்கொண்டார். “ஆனா அந்த ஒம்போது நாள்ல ஒரு புதன்கிழமை இருக்கு சித்தார்த்.”

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஜனவரி 4. அவருடைய அக்கா சவரிமேரி வாழ்க்கைப்பட்ட ஊர் புன்னைத்திட்டு. அக்காவின் ஒன்பது மாதக் கைக்குழந்தைக்கு அன்றுதான் தட்டம்மை ஊசி போட்டார்கள். ‘மேடம் பெட்டி இருக்கற ஊரு, தைரியமா போட்டுக்கோ’ என்று போனில் சொன்னவரும் ஜான்சிதான்.

ஜீப் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியது. பக்கிரி கண்ணாடி வழியே பின்னால் பார்த்துக் கேட்டார்.

“மாத்திரை போட்டீங்களாம்மா? சுகர் பாத்தீங்களா?”

“எல்லாம் மேற்படிதான் பக்கிரி. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

புன்னைத்திட்டில் இப்போதிருந்த செவிலியர் மலர்க்கொடி பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். பேராசிரியர் திருப்பினார். பக்கத்தின் அடியில், ஜெராக்ஸ் கண்ணாடி பார்க்காத அந்த வரி இருந்தது. *30, மாலை. பெட்டி அணைக்கப்பட்டது. மருந்துகள் வேறிடம்.*

அதற்குக் கீழேதான் பதினெட்டு மேற்படி.

ஒன்பது நாளும் பெட்டி ஓடவே இல்லை. அப்படியானால் நான்காம் அத்தியாயம் முழுக்கக் கற்பனை. ஜான்சிக்கு அது இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றிய கேள்வி வேறு. வேறிடம் என்றால் எந்த இடம்? குளிர் இருந்த இடமா, இல்லாத இடமா?

“எனக்குத் தெரியாதுங்க மேடம்,” என்றார் மலர்க்கொடி. “நான் பிப்ரவரியிலதான் மாத்தலாயி வந்தேன். எழுதுனது ஆரோக்கிய அனிதா சிஸ்டர். அவுங்க கடலூர் போயிட்டாங்க, வீடு தேவனாம்பட்டினம். போன் அடிச்சா எடுக்கவே மாட்டாங்க. அதுல சார்ஜ் நின்னாத்தானே.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பக்கத்துக் குப்பத்துல ரெண்டு புள்ளைங்களுக்குத் தட்டம்மைன்னு நேத்துதான் ரிப்போர்ட் அனுப்பியிருக்கோம்.”

ஊசிப் பதிவேட்டில் ஜனவரி 4 அன்று முப்பத்தெட்டுக் குழந்தைகள். புயலில் மற்ற ஊர்களில் போட முடியாததால் அந்த ஊர்க் குழந்தைகளும் இங்கேதான் வந்திருந்தார்கள். இருபத்து மூன்றாவது வரி: சவரிமேரி குழந்தை.

அக்கா வீடு மூன்று தெரு தள்ளி. ஜான்சி ஓட்டமாகப் போனார். குழந்தை தொட்டிலில் சிணுங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது.

“ஒண்ணுமில்லடி, பல்லு மொளைக்குது,” என்றார் சவரிமேரி. “ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?”

“பக்கத்துல அம்மை வந்திருக்காமே.”

“வந்தா வரட்டும். அதுக்குத்தான் ஊசி போட்டாச்சே. உங்க மேடம் பெட்டியில இருந்த மருந்துதானே, அப்புறம் என்ன பயம்?”

ஜான்சி திரும்பி வந்தார். ஜீப்பின் அருகில் நின்ற பேராசிரியர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “எவ்வளவு சூடு?” என்றார்.

“சுடுது மேடம்.”

“எவ்வளவு?”

தெரியவில்லை. பேராசிரியர் தம் கைப்பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தார். மூன்று நிமிடம். தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. உடம்பில் தடிப்பு இல்லை, கண் சிவக்கவில்லை. எண்ணைத் தாளில் எழுதி, நேரம் போட்டு, சவரிமேரி கையில் கொடுத்தார். “நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா இதுக்குக் கீழ எழுதும்மா. அப்படியேதான் இருக்குன்னு எழுதக் கூடாது. எண்ணுதான்.”

பிறகு அங்கிருந்தே மருத்துவ அலுவலருக்குப் போன் செய்தார். ஜான்சி பக்கத்தில் நின்று கேட்டார். “டாக்டர், ஜனவரி நாலாந் தேதி போட்ட முப்பத்தெட்டு பேரு ஊசி மேல எனக்குச் சந்தேகம் இருக்கு. ஆமாம், எங்க பெட்டிதான். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த மருந்து எங்க இருந்துச்சுன்னு சொல்றேன். சொல்ல முடியலைன்னா, கெட்டுப்போன மருந்துன்னே வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் திரும்பப் போடுங்க.”

அந்தப் போன் என்னவெல்லாம் செய்யும் என்று ஜீப்பில் இருந்த மூவருக்கும் தெரியும். விஷயம் ஒருமுறை வெளியே போய்விட்டால், சூரியப் பெட்டியை நம்பி முப்பத்தெட்டுக் குழந்தைகள் மோசம்போனார்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும். பேராசிரியர் பணி ஓய்வு பெற எண்பத்து மூன்று நாள் இருந்தது. அன்றிரவு ஜான்சி உறங்கவில்லை. பேராசிரியர் உறங்கினாரா என்பதற்கு எங்களிடம் தரவு இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் தேவனாம்பட்டினத்தில் நின்றது. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆரோக்கிய அனிதா, ஜீப்பின் பலகையைப் பார்த்ததும் ஈரத்துணியோடு உள்ளே போய்விட்டார்.

“நான் இன்னைக்கு டியூட்டியில இல்ல,” என்று கதவுக்குப் பின்னிருந்து குரல் வந்தது.

“சிஸ்டர், நான்தான் பக்கிரி,” என்று நம் பக்கிரி முன்னால் போனார். “ஞாபகம் இல்லியா? பொங்கலுக்கு முந்தி, ஒம்போதாந் தேதி வந்து பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனேனே. டீயெல்லாம் வாங்கிக் குடுத்தீங்க. அன்னைக்குப் பெட்டி ஜோராதானே ஓடிட்டு இருந்துச்சு?”

“ஓடுச்சுண்ணே. மொத நாளு சாயந்திரம் நான்தானே போட்டு வுட்டேன்.”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டது கதவுக்கு வெளியிலும் தெரிந்தது. கதவு திறந்தது.

“பொயல் அன்னைக்குக் கூரையிலேர்ந்து தண்ணி கொட்டுது மேடம். அந்தக் கன்ட்ரோல் பெட்டியில சடசடன்னு நெருப்பு பறக்குது. சுவிட்சை அணைச்சிட்டேன். தப்பா?”

“சரியாத்தான் செஞ்சீங்க. மருந்து?”

அனிதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். ஜான்சியால் தாங்க முடியவில்லை.

“சிஸ்டர், எங்க அக்கா புள்ளைக்கு நீங்கதான் ஊசி போட்டீங்க. சவரிமேரி. அந்த மருந்து எங்க இருந்துச்சு?”

“சொன்னா மெமோ குடுப்பாங்கம்மா.”

“நான் மெமோ குடுக்கற ஆளு இல்ல,” என்றார் பேராசிரியர். “வாங்கப்போற ஆளு. சொல்லுங்க.”

“என் வாடகை வீட்டுல,” என்றார் அனிதா. “ஆஸ்பத்திரியில முழங்கால் தண்ணி. ஐஸ் பெட்டியோட மருந்தைத் தூக்கிட்டு வூட்டுக்குப் போயிட்டேன். சட்டப்படி வூட்டுல வெக்கக் கூடாது, தெரியும். அதான் வேறிடம்னு எழுதுனேன். அப்புறம் ஒம்போது நாளும் அதே கதைதானே? பெட்டி அணைஞ்சிருக்கு, மருந்து வேறிடம். அதான் மேற்படி. அந்தக் கட்டத்துல ஒரு வெரல் எடம்தான் இருக்கு, அதுல ராமாயணமா எழுத முடியும்?”

“ஐஸ்?”

“அன்னங்கோயில்ல மீனு ஐஸ் கம்பெனி இருக்கே, அங்க டீசல் ஜெனரேட்டர் ஓடிச்சு. தெனம் விடியக்காலம் மொபெட்ல போவேன். மரம் வுழுந்து கெடந்த எடத்துல எறங்கித் தள்ளிட்டுப் போவேன். அவுங்க தொட்டியிலேயே நம்ம ஐஸ் பேக்கை எறக்கி உறைய வெச்சுக் குடுத்தாங்க.”

“உறைஞ்ச பேக்கை அப்படியே பெட்டியில வெச்சீங்களா?” பேராசிரியரின் குரல் கூர்மையானது. சில ஊசி மருந்துகளுக்குச் சூட்டைவிட உறைவு ஆபத்து.

அனிதா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “பதினாறு வருஷ சர்வீஸ் மேடம் எனக்கு. பேக்கு வேர்க்கற வரைக்கும் வெளியில வெச்சு, காதுகிட்ட ஆட்டிப் பாப்பேன். உள்ள தண்ணி சத்தம் கேட்டாத்தான் பெட்டிக்குள்ள போவும்.”

“டெம்பரேச்சர் பாத்தீங்களா?”

“பாக்காம?”

“எழுதுனீங்களா?”

“எழுதாம?”

“எதுல?”

அனிதா உள்ளே போனார். சுவரில் மாதா படம். அதன் பின்னால் கையை விட்டு, ரப்பர் போட்ட ஒரு சின்னக் கட்டை எடுத்தார். மளிகைக் கடையில் கொடுக்கும் தினசரி காலண்டர் தாள்கள். ஒவ்வொரு நாளும் கிழித்த தாளின் வெற்று முதுகில், நேரம் போட்டு, எண் போட்டிருந்தார். தெர்மாமீட்டரும் சுகாதார நிலையத்துப் பெட்டியில் இருந்ததுதான், கையோடு எடுத்துப் போயிருக்கிறார்.

ஜான்சி தாள்களைத் தரையில் பரப்பினார். முப்பத்தொன்று. ஒன்று. இரண்டு. மூன்று. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

நாலு இல்லை.

மறுபடி எண்ணினார். எட்டுத் தாள்தான். புதன்கிழமை மட்டும் இல்லை. “நாலு எங்க சிஸ்டர்?”

“இருக்கணுமே,” என்று அனிதாவும் தரையில் உட்கார்ந்துவிட்டார். படத்துக்குப் பின்னால் தேடினார்கள். படத்தையே கழற்றிப் பார்த்தார்கள். பைபிளை உதறினார்கள். பக்கிரி வாசலில் நின்று, தொப்பி இல்லாத தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பேராசிரியர் மட்டும் எதையும் தேடவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தேதித் தாளில் நின்றார்.

“இது தடிமனா இருக்கு,” என்றார்.

மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி சொட்டி, இரண்டு தாளும் ஒன்றாய் ஒட்டியிருந்தன. ஜான்சி நகத்தால் பிரித்தார். ஜனவரி 4. ஆறு மணிக்கு நான்கு டிகிரி. பத்து மணிக்கு ஐந்து. ஒரு மணிக்கு ஐந்தரை. நான்கு மணிக்கு நான்கு.

ஒன்பது நாளிலும் மிக உயர்ந்த எண் ஏழாம் தேதி நண்பகல்: ஏழரை. மிகத் தாழ்ந்தது மூன்று. எட்டைத் தொடவில்லை, இரண்டுக்கு இறங்கவில்லை. பேராசிரியர் ஒருமுறை ஜான்சியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொருமுறை தாமே வாசித்தார். பிறகு மருத்துவ அலுவலருக்குப் போன் செய்து, எண்களை மட்டும் சொன்னார். குழந்தைகளுக்குத் திரும்ப ஊசி வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான், பேராசிரியர் அனிதாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“உங்க பேரை அறிக்கையில போடணும். போடவா?”

அனிதா யோசித்தார். “போடுங்க மேடம். வூடுன்னே போடுங்க. வேறிடம்னு எழுதுனதாலதான இவ்வளவு ஓட்டம்.”

திரும்பும் வழியில் ஆலப்பாக்கம் தாண்டியதும் பேராசிரியரின் நெற்றி வேர்த்தது. பக்கிரி கேட்காமலேயே டீக்கடை ஓரம் நிறுத்தி பன் வாங்கி வந்தார். மாத்திரைக்காகக் கைப்பையைத் திறந்தபோது ஒரு சின்ன நோட்டு ஜான்சியின் மடியில் விழுந்தது. சர்க்கரை அளவைத் தினமும் குறிக்கச் சொல்லி மருத்துவர் கொடுத்த நோட்டு.

ஜான்சி திறந்து பார்த்தார். மார்ச் மாதம்: மேற்படி. மேற்படி. பிப்ரவரி: மேற்படி. ஜனவரி: மேற்படி. சிவப்பு மையில், அழகான கையெழுத்தில்.

“மேடம்,” என்றார் ஜான்சி. இரண்டு நாள் பயமும் அந்த ஒரு சொல்லில் கோபமாகத் திரும்பியிருந்தது. “மேல என்ன இருக்கு?”

பேராசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஜான்சி பின்னால் பின்னால் புரட்டினார். “நவம்பர் பதினாலு. இருநூத்திப் பன்னண்டு. நாலு மாசமா தெனமும் இருநூத்திப் பன்னண்டா மேடம்? ஜுரக்காரனுக்கே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு சொன்னீங்களே.”

பக்கிரி வண்டியைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணு நோட்டு பொய் சொல்லுது,” என்றார் பொதுவாக.

பேராசிரியர் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் பதில் சொல்லாத கேள்வி அது ஒன்றுதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மையத்தில் எல்லோரும் கூடி நான்காம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினோம். ஜான்சி தட்டச்சு செய்தார். முதல் பத்தி இப்படித் தொடங்கியது: *புயலுக்குப் பிந்தைய ஒன்பது நாள்களும் சூரியக் குளிர்பெட்டி இயங்கவில்லை. மருந்தைத் தம் வீட்டில் வைத்துக் காத்தவர் செவிலியர் ஆரோக்கிய அனிதா. காக்க உதவியது டீசல் ஜெனரேட்டரில் உறைந்த மீன் ஐஸ். முந்தைய வரைவில் இருந்த ‘ஆறு டிகிரி’ எங்கள் பிழை.*

எங்கள் பிழை என்றுதான் இருந்தது. ஜான்சி தம் பெயரைச் சேர்க்கப் போனபோது பேராசிரியர் விசைப்பலகையை நகர்த்திவிட்டார். “கையெழுத்துப் போட்டது நான். பதினெட்டு ஆறைப் பாத்து நானே ரெண்டு மாசம் சந்தோஷப்பட்டிருக்கேன்.”

“மேடம்,” என்றார் சித்தார்த், “கரிப்புகையைக் குறைக்கச் சொல்ற அறிக்கையில டீசலுக்கு நன்றியா?”

“நன்றி இல்ல. நடந்தது.”

அத்தியாயத்தின் கடைசியில் புதிதாக ஒரு பக்கம் சேர்ந்தது. அனிதாவின் ஐஸ் பெட்டி ஒன்பது நாள் செய்த வேலையைப் பார்த்தபின், பெட்டியில் மின்கலமே வேண்டாம், வெயிலை ஐஸாகவே சேர்த்து வைப்போம், சூரியன் ஐந்து நாள் வராவிட்டாலும் சுவரில் இருக்கும் ஐஸ் தாங்கும் என்று ஒரு வரைபடம். அதை வரைந்தபோது பேராசிரியரின் முகத்தில் மூன்று நாளாக இல்லாத ஒன்று இருந்தது. அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை.

திங்கட்கிழமை சென்னைக் குழுவில் சுப்பிரமணியன் என்ற அதிகாரி அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தாராம். “மேடம், இந்த அத்தியாயத்தை நீக்கிட்டு வந்திருந்தா அறுபது பெட்டிக்கும் இன்னைக்கே கையெழுத்து ஆயிருக்கும்.”

“ஆயிருக்கும் சார். அறுபது ஊர்லயும் அடுத்த பொயலுக்கு யாரு ஐஸுக்கு ஓடுறது?”

கையெழுத்து ஆகவில்லை. அறுபது ஆறாகச் சுருங்கியது. ஐஸ் சுவர்ப் பெட்டியை ஆறு ஊரில் ஓராண்டு ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். முதல் பெட்டி ஏப்ரலில் புன்னைத்திட்டில் ஏறியது. அதன் பதிவேட்டில் புதிதாக ஒரு அகலமான கட்டம் இருக்கிறது: ‘பெட்டி ஓடாதபோது மருந்து எங்கே, எத்தனை டிகிரி.’ அட்டையின் உள்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு விதி: ‘மேற்படி எழுதக் கூடாது.’

சவரிமேரியின் குழந்தைக்குப் பல்தான். இரண்டு முளைத்துவிட்டன. ஆரோக்கிய அனிதாவுக்கு மெமோ இன்றுவரை வரவில்லை. ஆனாலும் தபால்காரரைக் கண்டால் அவர் உள்ளே போய்விடுகிறார் என்று கேள்வி. இன்று இந்தப் பணிநிறைவு விழாவுக்கு வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

படர்க்கை இங்கே முடிகிறது.

பேராசிரியர் பெருந்தகையீர், தாங்கள் போகிறீர்கள். மற்ற ஐந்து பெட்டிகளுக்கான ஆணை இன்னும் வரவில்லை. வருமா என்பது எங்களுக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக்கு நான்கு மாதம் இருக்கிறது. அடுத்த நேர்கோட்டை யார் பார்த்துச் சந்தேகப்படுவார்கள் என்ற அச்சம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது, அதை மறைக்க இம்மடலில் இடமில்லை. ஜான்சி இப்போதெல்லாம் ஒவ்வொரு ஜெராக்ஸுக்கும் நான்கு விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்க்கிறார் என்பதை மட்டும் தங்கள் ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

நீடு வாழ்க, நோயின்றி வாழ்க என்று வாழ்த்தி முடிப்பது வழக்கம். வாழ்த்துகிறோம். ஆனால் ‘நோயின்றி’ என்பதற்கு அளவு என்ன என்று தாங்கள் கேட்பீர்கள். ஆகவே பொன்னாடையோடு ஒரு நீளப் பதிவேடும் தருகிறோம். ஜான்சி கோடு போட்டது. பக்கிரி அட்டை ஒட்டியது. அனிதா முதல் பக்கத்தில் தேதிகள் எழுதியிருக்கிறார். காலை ஒரு கட்டம், மாலை ஒரு கட்டம், ஒவ்வொன்றும் ஒரு எண் எழுதும் அளவுக்குத்தான். மாதந்தோறும் முதல் தேதி பக்கிரி வந்து வாங்கிச்செல்வார், அடி வரி உட்பட முழுதாக. அட்டையின் உள்பக்கத்தில் தங்கள் விதியையே, தங்கள் நிற மையிலேயே எழுதியிருக்கிறோம்.

முதல் வரி தயாராக இருக்கிறது.

1 ஜூன் 2012, காலை: ……

இவண்,
தங்கள் எண்ணுக்காகக் காத்திருக்கும்
ஜான்சி, சித்தார்த், பக்கிரி மற்றும்
எரியாற்றல் ஆய்வு மையப் பணியாளர்கள்,
சிதம்பரம்.